வின்ட்லோக்களின் ஊரில் இளையதம்பி

கனடாவிலுள்ள வின்ட்லோ என்ற ஊரில் குடியுரிமை பெறுகிற எல்லாருக்கும் வின்ட்லோ என்பதுதான் குடும்பப் பெயர். அந்தப் பெயர் பின்னோக்கியும் செல்லும். மகன் எடுத்துக்கொண்டால் தகப்பனுக்கும் சேரும்; சேர்ந்த கையோடு தகப்பன் ஊரை உருவாக்கிய மூத்த குடிகளில் ஒருவராகிவிடுவார். நீண்ட தாடியும் முழங்கால் பூட்ஸுமாய் முதல் மரத்தை வெட்டிய வின்ட்லோ, மாவு ஆலை கட்டிய வின்ட்லோ, நீதிபதி வின்ட்லோ, நாடாளுமன்றத்துக்குப் போய்க் கொட்டாவி விட்ட வின்ட்லோ என்று எல்லாரும் சதுக்கத்தில் வெண்கலமாய் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அவர்கள் வின்ட்லோக்கள் இல்லையாம்.

தவநேசன் அந்த ஊருக்கு வந்து சில குளிர்காலங்கள் போய்விட்டன. மனைவி மங்களேஸ்வரி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். அவளை அழைக்க அவன் வின்ட்லோ ஆக வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரைத்தான் சுமந்து திரிகிறோம். அவன் ஐயா என்று அழைத்த தகப்பன் இளையதம்பி போரில் காணாமல் போனவர். உடலும் கிடைக்கவில்லை, படமும் மிஞ்சவில்லை. மகனின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்தான் அவர் இன்னும் இருந்தார்.

"அவரை எடுத்துவிட்டால் எங்கே வைப்பது?" என்று நகரசபைப் பெண்ணிடம் கேட்டான்.

"நாங்களே வைத்துக்கொள்கிறோம்," என்றாள் அவள்.

சம்மதித்தான். மறுநாள் சதுக்கத்தில், முதல் மரத்தை வெட்டியவர் நின்ற பீடத்தில், இளையதம்பி வெண்கலமாய் நின்றார். கனத்த கோட்டு, தொப்பி. மூக்கு அதே மூக்கு. தவநேசன் அவர் காலைத் தொட்டு விம்மி அழுதான். குளிரில் விரல் ஒட்டிக்கொண்டது. ஊதி ஊதித்தான் எடுக்க முடிந்தது.

வின்ட்லோ ஆனவர்கள் அழைக்கும் உறவினரை ஊருக்குள் விடுவதா என்று முடிவு செய்வது மூத்த குடிகள். அதற்காக அவர்களைத் தள்ளுவண்டியில் நகரசபைக்குக் கொண்டுவருவார்கள். இதுவரை ஒருவரும் ஆதரவாகக் கை உயர்த்தியதில்லை. ஒருவர் உயர்த்தினால் போதும். தவநேசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். பெற்ற தகப்பன் இருக்கும்போது என்ன பயம்?

மங்களேஸ்வரியின் பெயரை வாசித்தார்கள். இளையதம்பி மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கட ஆக்களுக்கே இஞ்சை இடம் காணாது," என்றார். "வாறவைக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் நாங்கள் எங்கை போறது?"

மற்ற வின்ட்லோக்கள் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். வெண்கலக் கைகள் ஆனபடியால் மேசை உடைந்தது. போரில் ஷெல்லடிக்குள் தவநேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் இவர்தான்.

வெளியே வந்து மனைவிக்கு அழைத்து நடந்ததைச் சொன்னான்.

"இஞ்சை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து நிக்கிறார்," என்றாள் அவள். "நீட்டுத் தாடி, முழங்கால்மட்டும் பூட்ஸ். வெக்கையிலை தவிக்கிறார். பேர் இளையதம்பியாம். சண்டைக்குள்ளை மகனைத் தவறவிட்டிட்டாராம். ஒவ்வொரு கதவாய்த் தட்டி, தவநேசன் இருக்கிறானோ எண்டு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்."

"சாப்பிட்டவரே?"

"சோறு போட்டனான். மீனிலை முள்ளெடுக்கத் தெரியாமல் முழிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"நீ எடுத்துக் குடு," என்றான் தவநேசன். "சாப்பிட்டு முடிய ஃபோனை ஐயாட்டைக் குடு."