பூசைக்குப் போன கம்ப்யூட்டர்

விம்பிள்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் தவநாயகி கைப்பைக்குள் இருந்த டிஸ்க்கை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை மாலை, நல்ல குளிர். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. சண்டைக்குப் போகிறவளுக்குக் குளிருமா?

சண்டை ‘பிரஷ்வெல்’ பற்றியது. கம்ப்யூட்டரில் படம் வரையும் புரோகிராம் அது. அந்த 1993ஆம் ஆண்டில், அதை வைத்துக்கொண்டு கல்யாணக் கார்டு, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீட்டு அழைப்பு, கோயில் நோட்டீஸ் என்று செய்துகொண்டிருந்த லண்டன் தமிழர் சிலர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அந்தக் குழுவில் தவநாயகிக்குத் தனி மதிப்பு. ஹவுன்ஸ்லோவில் வீடு, ஹீத்ரோவில் வாசனைத் திரவியக் கடையில் வேலை. ஷிப்ட் முடிந்து கிடைத்த நேரத்தையெல்லாம் செலவழித்து, மூன்று வருடமாகப் புள்ளி புள்ளியாக வைத்துத் தமிழ் எழுத்து அத்தனையையும் பிரஷ்வெல்லில் வரைந்து முடித்திருந்தாள். அதில் முத்திரைப் பெட்டி என்று ஒரு வசதி. எழுத்தை அதில் போட்டுவிட்டால் வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரை போலக் குத்திக்கொண்டே போகலாம். குழுவில் யார் கார்டு அடித்தாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் அவளுடைய எழுத்தில்தான் கைகோத்தார்கள்.

இப்போது புதிய பிரஷ்வெல் வந்திருந்தது. அதில் முத்திரைப் பெட்டி இல்லை. கையால் வரைகிற காலம் போய்விட்டது, இனிப் படங்களை வெட்டி ஒட்டுவதே வழி என்று கம்பனிக்காரர் முடிவு கட்டிவிட்டார்கள். பழையதில் செய்து வைத்தது புதியதில் திறக்காது. குழு சேர்ந்து வெளியிடும் தீபாவளி மலருக்கோ எல்லோரும் ஒரே பதிப்பில் நின்றாக வேண்டும். பழையதா, புதியதா என்று முடிவெடுக்கத்தான் அன்றைய கூட்டம். புதியது வென்றால் மூன்று வருட உழைப்பு கைப்பைக்குள் கிடக்க வேண்டியதுதான்.

புதியதின் கட்சித் தலைவர் பரமேஸ்வரன், ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு பதிப்பையும் ஓட்டிக் காட்டக்கூடிய கம்ப்யூட்டர் அவரிடம் இருந்ததால் கூட்டமும் அவர் வீட்டில்தான். எதிரியின் கோட்டைக்குள்ளேயே போய் வெல்ல வேண்டும்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி கலாவதி. உள்ளே சாம்பிராணிப் புகை. முன்னறைக்குள் கால் வைத்த தவநாயகி அப்படியே நின்றுவிட்டாள்.

கம்ப்யூட்டர் பூசைக்குப் போயிருந்தது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், திரையின் நெற்றியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, சுற்றிலும் மஞ்சள் செவ்வந்தி மாலை. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு மேல் கீபோர்ட். வெற்றிலை ஒன்றில் மவுஸ் சாதுவாகப் படுத்திருந்தது.

பரமேஸ்வரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கூட்டத்துக்கு நாள் குறித்தவர் இல்ஃபோர்ட் அருள்நேசன். மன்னார்க் கத்தோலிக்கர், பங்குக் கோயிலின் அறிவித்தல்களையெல்லாம் பிரஷ்வெல்லில் அடிப்பவர்.

“நான் எங்கட கோயில் கலண்டரைத்தான் பார்த்தனான்” என்றார் அருள்நேசன். “சரஸ்வதி பூசை எண்டு உங்களில ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லையோ?”

ஒருவருக்கும் வரவில்லை. தவநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாளை விடிந்து விஜயதசமி பிறக்கும்வரை ஒருவரும் கை வைக்க ஏலாது என்று கலாவதி அடித்துச் சொல்லிவிட்டாள். பிறகு தவநாயகி கைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த டிஸ்க்கைக் கண்டாள்.

“எழுத்தெல்லாம் இதிலையோ அக்கா? அப்ப இதுவும் பூசையிலதானே இருக்கவேணும். தாங்கோ.”

தவநாயகி வாயைத் திறப்பதற்குள் டிஸ்க் தட்டில் ஏறிவிட்டது. கலாவதி பக்தியோடு ஒரு பெரிய சந்தனப் பொட்டை எடுத்து, டிஸ்க்கின் தகரக் கதவு நகர்கிற இடத்திலேயே பார்த்து அப்பினாள். பூசையில் வைத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படி? தவநாயகி தட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

ஓட்டிக் காட்ட ஒன்றும் இல்லாததால் வாயால்தான் சண்டை நடந்தது. அவலும் கடலையும் கையில் இருந்தபடியால் அதற்குக் குறைவில்லை. புதியதில் தான் செய்த கார்டை பரமேஸ்வரன் சுற்றுக்கு விட்டார். மேகத்துக்கு நடுவே மணமக்கள் சிரித்தார்கள். தவநாயகி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பரமண்ணை, பொம்பிளையின்ர தோளில ஒரு கை கிடக்குதே, அது ஆற்றை கை?”

“மாமியின்ர. மாமியை வெட்டி எடுத்திட்டன், கையை எடுக்க ஏலாமல் போச்சு.”

“கலியாணத்துக்கு முந்தியே மாமி தோளில ஏறியிட்டா.”

அருள்நேசனுக்குக் கடலை புரையேறியது. பரமேஸ்வரன் விடவில்லை.

“உன்ர எழுத்து மட்டும் என்ன திறம்? பெருப்பிச்சுப் பார்த்தால் விளிம்பெல்லாம் படிக்கட்டு. அதில ஏறி மேல்மாடிக்குப் போகலாம்.”

அது சுருக்கென்று தைத்தது, உண்மையாக இருந்ததால். புள்ளியால் கட்டிய எழுத்து சின்னதாக இருக்கும்வரைதான் அழகு. அதனால்தான் அவள் ஒரு தலைப்பையும் பெரிதாகப் போட விட்டதில்லை. ஆனால் இந்த வீட்டில் வைத்து அதை ஒத்துக்கொள்வாளா?

“படிக்கட்டோ என்னவோ, வாசிக்க ஏலுது. உங்கட புதுசில ஒரு தமிழ் எழுத்து இருக்கோ? மாப்பிள்ளையின்ர பேரை என்னத்தில எழுதுவியள்?”

பரமேஸ்வரன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணக்குச் சமமாகி, முடிவு மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது.

காலையில் எல்லோரும் குளித்து முழுகி வந்து நின்றார்கள். கலாவதி தீபம் காட்டி, மாலையைக் கழற்றி, கம்ப்யூட்டரை மேசையில் வைப்பித்தாள். தவநாயகி முதல் வேலையாக டிஸ்க்கை எடுத்தாள். இரவோடிரவாகச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. தகரக் கதவு அசையவில்லை; அது நகராவிட்டால் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் படிக்காது. நகத்தால் தள்ளினாள். ம்ஹும். மற்றவர்களிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகள் இருந்தன, முழுவதும் இருந்தது இதில் மட்டும்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கலாவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

“சந்தனம்தானே, சீமெந்து இல்லையே. இங்க தாங்கோ” என்று அருள்நேசன் ஒரு ஊசியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினார்.

இதற்கிடையில் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விஜயதசமியில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது போல, கம்ப்யூட்டரிலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழியும் ஒரு ‘அ’வும் எழுதவேண்டும் என்று கலாவதி பிடிவாதம். பரமேஸ்வரன் புதிய பிரஷ்வெல்லைத் திறந்து மவுஸை இழுத்தார். வந்தது ஒரு புழு. மறுபடி இழுத்தார், புழு கொழுத்தது.

“நீ போடு, தவம்” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

அவளுக்கு மனமில்லை. எதிரியின் புரோகிராம். ஆனாலும் அருள்நேசன் டிஸ்க்கைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது பரவாயில்லை என்று உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை புள்ளியைத் தேடியது. இங்கே புள்ளி இல்லை. ஒரு கோடு, அதைப் பிடித்து இழுத்தால் வளைகிறது. இன்னொரு இடத்தில் இழுத்தால் அங்கேயும் வளைகிறது. சுழி வந்தது. ‘அ’வின் வயிறு வந்தது, காலும் வந்தது.

பரமேஸ்வரன் எட்டி ஒரு பொத்தானை அமத்தினார். ‘அ’ திரை முழுக்கப் பெரிதானது. விளிம்பில் ஒரு படிகூட இல்லை. தடவிப் பார்க்கலாம் போல இருந்தது. தவநாயகி அதைச் சிறிதாக்கினாள். திரும்பப் பெரிதாக்கினாள். பின்னால் ஆட்கள் நிற்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“திறந்திட்டுது” என்றார் அருள்நேசன்.

பழைய பிரஷ்வெல் ஓடியது. முத்திரைப் பெட்டி திறந்தது. எழுத்து ஒன்றும் கெடவில்லை. கலாவதி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். எல்லோரும் தவநாயகியைப் பார்த்தார்கள். இனி வாக்கெடுப்புத்தான்.

அவள் தன் பழைய ‘அ’வைக் கூப்பிட்டு, முதல் தடவையாக எல்லோருக்கும் முன்னால் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். படிக்கட்டு. அதைச் சொல்லிக் காட்டிய பரமேஸ்வரனே ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“மலர் பழசிலதான் போகும்” என்றாள் தவநாயகி. “இப்ப புதுசா எழுத்துக் கீற நேரம் காணாது. மலர் முடிய, நான் புதுசுக்கு வாறன்.”

“அப்ப முத்திரைப் பெட்டி?” என்றார் அருள்நேசன்.

“வெட்டி ஒட்டத்தானே புதுசு. எழுத்தையும் படமாக் கீறி வைச்சு ஒட்டுவம். ஆனால் இந்த முறை நான் ஒருத்தியா எல்லாத்தையும் கீறமாட்டன். ஆளுக்குக் கொஞ்சம் எடுங்கோ.”

பரமேஸ்வரன் பின்வாங்கினார். “நான் போட்ட சுழியைப் பார்த்தனிதானே?”

“பார்த்தபடியால்தான் உங்களுக்கு ‘ட’ தாறன். ரெண்டு நேர்க்கோடு.”

பரமேஸ்வரன் ஒரு கடதாசியை எடுத்து ‘ட’ எழுதிப் பழகத் தொடங்கினார். மவுஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. அது அவருடைய கம்ப்யூட்டர்தான். ஆனால் கதிரையில் இருந்தவள் எழும்புவதாக இல்லை. புட்டு ஆறுகிறது என்று கலாவதி இரண்டு முறை கூப்பிட்டாள்.

“வாறன், கலா” என்றாள் தவநாயகி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘ஆ’வின் காலைப் பிடித்து வளைத்தபடி.