ஒரே அடியில் குழிக்குள்

ஆனைக்கரைக்கு மேலே இருக்கிற அந்த கோல்ஃப் மைதானத்துக்கு நான் எரிச்சலோடுதான் போனேன். அது வந்த நாளிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் எஸ்டேட் லயத்துக் குழாயில் பகலில் தண்ணீர் வருவதில்லை. மலையூற்று முதலில் அவர்கள் புல்லுக்கு. மிச்சம் இருந்தால் எங்களுக்கு. நான் கோவையிலிருந்து வரும் வார இதழ் ஒன்றின் இடுக்கி நிருபர். இதை எழுதட்டுமா என்று ஆசிரியர் சிவப்பிரகாஷிடம் பலமுறை கேட்டுவிட்டேன். நாடு வேகமாக வளர்கிறது, கோல்ஃபும் வளர்கிறது, அழுமூஞ்சிக் கட்டுரை வேண்டாம், ஜாலியாக ஒன்று எழுது என்றார்.

மைதானத்து மேனேஜர் ஜோமோன் நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் கடுப்பு. போட்டோவுக்காக ஒரு அடி அடியுங்கள் என்று என் கையில் மட்டையைத் திணித்தார். கொச்சியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்த விருந்தாளிகள் வேடிக்கை பார்த்தார்கள். மட்டையைத் தொடுவதே எனக்கு முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒன்று விட்டேன். பந்து கோணலாகப் போய், பாறையில் மோதி, எகிறி, சரிவில் உருண்டு, கொடி நட்டிருந்த குழிக்குள் விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குதித்தேன். யாரென்றே தெரியாத ஒரு அம்மாளைக் கட்டிப்பிடித்தேன். தண்ணீராவது, கட்டுரையாவது, எல்லாம் மறந்துபோனது. ஆயுசு முழுக்க ஆடியும் தனக்கு இது வாய்க்கவில்லை என்று ஒரு தொப்பிக்காரர் கண்கலங்கினார். அதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம்.

அவர்தான் வழக்கத்தைச் சொன்னார். ஒரே அடியில் குழியில் போட்டவர் அங்கிருக்கும் எல்லாருக்கும் குடிக்க ஏதாவது கொடுத்தாக வேண்டுமாம், தட்டினால் ஆகாதாம். மிதப்பில் இருந்த நான், எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், ஏலக்காய் டீ தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏலத்தோட்டம் வழியாக ஊர்வலமாக இறங்கினோம்.

அம்மா சிசிலி தோட்ட வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நின்ற வெள்ளை ஷூக்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத்தன பேருக்குத் தண்ணிக்கு எங்க போவேன்?"

பெருமையில் எனக்கு அந்த நினைப்பே இல்லை. ஓடிப்போய் வாசல் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. நிமிர்ந்தால், மேலே மைதானத்தில் ஸ்பிரிங்ளர்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

டீ குடிக்காமல் நகர மாட்டேன், வழக்கத்தை முறிக்கக் கூடாது என்று தொப்பிக்காரர் எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார். கூடவே இறங்கி வந்திருந்த ஜோமோனுக்கு முகம் சிவந்தது. அம்மா அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இருங்க சாரே. ஒங்க புல்லு குடிச்சு முடிக்கட்டும். நாங்க எப்பவும் அதுக்கப்புறந்தான்."

ஜோமோன் போனை எடுத்தார். மேலே ஸ்பிரிங்ளர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது, செருமியது, பிறகு கொட்டியது. லயமே குடங்களோடு ஓடிவந்தது. கொச்சிக்காரர்கள் குடம் பிடித்தார்கள், நனைந்தார்கள், சிரித்தார்கள். டீ கடைசியில்தான் கிடைத்தது. இதைவிட ஜாலியான கட்டுரைக்கு சிவப்பிரகாஷ் எங்கே போவார் என்று நானும் நனைந்துகொண்டே சிரித்தேன்.

டீயைக் குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். ஜோமோன் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் குழாய் நின்றுவிட்டது. அம்மா நிறைந்த குடத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நாளைக்கும் போயி ஒண்ணு அடிச்சிட்டு வா."