மேல்சோலைக்குக் கொடுத்த தெரு

பராங்குசம் குறிச்சிப்பாளையம் பேரூராட்சியில் நீள மேற்பார்வையாளராக இருந்தார். மாலை ஐந்தரை மணிக்கு மேசையைப் பூட்டுவார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரத் தெருவின் வழியே வீட்டுக்கு நடப்பார். தெருவின் ஒரு முனையில் அலுவலகம் இருந்தது. மறுமுனையில் அவருடைய வீடு இருந்தது. இடையில் நடக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஊருக்கு மேலே காடு. காட்டுக்குள் ஒரு நடைபாதை. பாதையின் முடிவில் மேல்சோலை என்னும் சிற்றூர். காடு ஆண்டுதோறும் பாதையில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். விழுங்கிய அளவுக்கு ஊர் தன் தெருக்களிலிருந்து நீளம் எடுத்துக் கொடுக்கவேண்டும். பாதையைத் திறந்து வைப்பதற்கான பொதுச் செலவு அதுதான். வேறு எதைக் கொடுத்தாலும் காடு ஏற்பதில்லை என்று வெகுகாலத்துக்கு முன்பே கண்டறிந்திருந்தார்கள்.

எடுக்கும் முறை எளிது. பராங்குசம் தெருவில் அளவைச் சங்கிலியை நீட்டிப் போடுவார். உத்தரவை உரக்கப் படிப்பார். பிறகு சங்கிலியை மடிப்பார். தெருவும் கூடவே மடிந்துகொள்ளும். வீடுகள் நகர்ந்து தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். மடித்த நீளத்தைச் சாக்கில் கட்டி, அடிவாரத்திலுள்ள காட்டிலாகாச் சாவடியில் ஒப்படைத்துவிடுவார். அதைக் கொண்டுபோய் விரிப்பது சாவடிக் காவலரின் வேலை. பராங்குசம் சாவடியைத் தாண்டியதில்லை. தாண்டவேண்டும் என்று விதியில் இல்லை.

இப்படிக் கொடுத்துக் கொடுத்து ஊர் சுருங்கியிருந்தது. பேருந்திலிருந்து இறங்குபவர் மீன்கடைத் தராசில் கால் வைத்தார். தேர் நிலையிலிருந்து புறப்பட்ட கணத்திலேயே நிலைக்கு வந்து சேர்ந்தது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எல்லாருக்கும் முதல் பரிசு கிடைத்தது. மக்கள் பழகிக்கொண்டார்கள்.

அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்தது. காடு வழக்கத்தைவிட அதிகமாக விழுங்கிவிட்டது.

புதன்கிழமை காலை மேல்சோலையைச் சேர்ந்த நல்லக்காள் அலுவலகத்துக்கு வந்தாள். செவ்வாய்தோறும் மலைவாழைத்தார் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறவள். காலிக் கூடையைப் பராங்குசத்தின் மேசைமேல் வைத்தாள்.

"வூட்டுக்குப் போவ முடியலீங்க சார்."

"ஏம்மா?"

"பாதை தீந்துபோச்சு."

"எங்க தீந்துது?"

"எங்கூட்டு வாசலுக்கு இந்தாண்ட. வாசல் நல்லாத் தெரியுது."

"தெரியுதுல்ல. நடந்து போகவேண்டியதுதானே?"

"நடக்காமயா வந்து நிக்கறேன்? நேத்துப் பொழுது சாயற வரைக்கும் நடந்தேன். நான் நடக்கறேன், வூடு அங்கியே நிக்குது. எம்புள்ள வாசல்ல உக்காந்து கையாட்டறா. நானும் ஆட்டறேன். எத்தன நாளைக்கு ஆட்டறதுங்க?"

பராங்குசம் அவளைச் செயல் அலுவலர் சுகந்தியிடம் அழைத்துப் போனார். நடைக்கூடத்தின் நீளமும் முன்பே கொடுக்கப்பட்டிருந்ததால் எழுந்தவுடன் போய்ச் சேர்ந்தார்கள். சுகந்தி கோப்பைப் புரட்டினார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள நீளம் போகலைன்னா மேல்சோலை ஊர்க் கணக்குல வராது."

"பொறவு எதுல வருமுங்க?"

"காட்சி."

"அப்படின்னா?"

"தூரத்துல இருந்து பாக்கறதும்மா. அழகாத்தான் இருக்கும். பலகை எழுதி வெச்சுருவாங்க."

"எம்புள்ளயுமா?"

சுகந்தி இன்னும் ஒரு தாளைப் புரட்டினார். "உள்ள இருக்கற எல்லாமும்தான்."

வியாழனன்று ஊர்க்கூட்டம் கூடியது. கூட்ட அரங்கம் குறுகியிருந்ததால் முன்வரிசையே பின்வரிசையாகவும் இருந்தது. பலகாரக்கடைச் செங்கோடன் முதலில் எழுந்தார்.

"எங்க வீதியில இனித் தொடாதீங்க. நான் கொட்டாவி விட்டா எதுத்த வூட்டுக்காரர் வாய மூடிக்கறார்."

"உங்களுக்கு ஏலக்கா வாசமாச்சும் வருது. எங்கூட்டுக்கு எதுக்க சலூனு," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எனக்கும் என் சம்சாரத்துக்கும் நடுவால இருந்ததையும் போன வருஷம் எடுத்துட்டீங்க," என்று செங்கோடன் தொடர்ந்தார். "இனி எடுக்கணும்னா எங்களுக்குள்ள கைய வுட்டுத்தான் எடுக்கணும்." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "சார் போற கரையோரத் தெரு மட்டும் முழுசா இருக்குதே, அதெப்படிங்க?"

"அது இன்னும் அளவைக்கு வரலைங்க," என்றார் பராங்குசம்.

"இருபத்தாறு வருஷமாவா?"

"வரிசை அப்படி அமைஞ்சுது."

வரிசையை அமைத்தவர் அவர்தாம். அது எல்லாருக்கும் தெரியும். நல்லக்காள் கதவோரத்தில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பராங்குசத்திடம் சொன்னாள்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க சார். பாக்காமயே எப்படி எழுதுவீங்க?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பராங்குசம் அவளோடு புறப்பட்டார். சாவடியில் காவலர் இல்லை. கொடுப்பதற்கு நீளம் இல்லாததால் விடுப்பில் போயிருந்தார். பராங்குசம் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் குறுக்குக்கம்பைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

பத்து அடி நடந்ததும் நின்றார். காலுக்கு அடியில் இருந்த தரை அவருக்குத் தெரிந்த தரையாக இருந்தது. இடப்பக்கம் இலேசாகச் சரிந்து, பிறகு நிமிர்ந்து, ஒரு சாக்கடைப் பாலத்தின் மேடுபோல எழுந்தது. அவர் முதல் ஆண்டில் மடித்துக் கொடுத்த தட்டாரத் தெரு அது. இருபுறமும் வீடுகள் நின்ற இடங்களில் மரங்கள் நின்றன. மாடிவீடு நின்ற இடத்தில் நின்ற மரத்தின் உச்சி தெரியவில்லை. தெருக்குழாய் இருந்த இடத்தில் ஊற்று ஒன்று கசிந்தது. அதில் ஒரு மான் குடித்துக்கொண்டிருந்தது. அது தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. தன் முறை முடியவில்லை என்பதுபோல மீண்டும் குடித்தது.

அடுத்த வளைவில் மாட்டுச்சந்தை வீதி தொடங்கியது. ஊரில் அது ஒரு காலத்தில் அகலமான வீதி. இங்கே அதன்மேல் ஒளி மேலிருந்து கம்பங்கள்போல் இறங்கி நின்றது. அதற்குப் பின் தேரோடிய வடக்கு வீதி வந்தது. ஆயிரம் பேர் வடம் பிடித்த நீளம். அதில் ஓர் இலை விழுந்தது. விழுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அது தரையைத் தொடும்வரை பராங்குசம் மூச்சு விடவில்லை.

தாம் சாக்கில் கட்டியவை எங்கோ போய்த் தீர்ந்தன என்றே அவர் இதுநாள்வரை எண்ணியிருந்தார். எதுவும் தீரவில்லை. இருபத்தாறு ஆண்டுத் தெருக்களும் வரிசை மாறாமல் இங்கே கிடந்தன. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முள்ளு இருக்குங்க," என்றாள் நல்லக்காள்.

"இருக்கட்டும்."

உச்சிப்பொழுதுக்கு முன்பே பாதை தீர்ந்துபோன இடத்தை அடைந்தார்கள். அங்கே பள்ளம் இல்லை. பாறை இல்லை. புதர்கூட இல்லை. எதிரே பதினேழு வீடுகள் தெளிவாகத் தெரிந்தன. முதல் வீட்டு வாசலில் நான்கு வயதுப் பெண்குழந்தை உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள். பராங்குசம் ஓர் அடி எடுத்து வைத்தார். அடி எடுத்து வைக்கப்பட்டது. ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். குடையை நீட்டினார். குடை நீண்டது, வாசல் நெருங்கவில்லை. வாசலின் ஓரங்கள் மட்டும் மெல்லத் தட்டையாகிக்கொண்டிருந்தன. குழந்தையின் நிழல் சுவரில் வரைந்ததுபோல் ஒட்டியிருந்தது.

குரலுக்குப் பாதை வேண்டியிருக்கவில்லை. குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலவே பேசினாள்.

"யாரும்மா அது?"

"ஆபீசரு, கண்ணு."

"எதுக்கு வந்திருக்காரு?"

"அளக்க."

"அளந்துட்டாரா?"

நல்லக்காள் திரும்பிப் பராங்குசத்தைப் பார்த்தாள். அவர் குடையை மடக்கினார். "இதோ," என்றார்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கரையோரத் தெருவில் சங்கிலியை நீட்டிப் போட்டார். உத்தரவைப் படித்தார். வழக்கமாக உரத்து ஒலிக்கும் குரல் அன்று சற்றுத் தாழ்ந்திருந்தது. செங்கோடன் வந்து சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வேட்டியை மடிப்பதுபோல் எதிரெதிரே நடந்து வந்து மடித்தார்கள். பராங்குசத்தின் வீடு மெதுவாக நகர்ந்து வந்து அலுவலகத்தின் மேல் சாய்ந்து நின்றது.

கடைவீதியின் நீளங்கள் கல்லாய்க் கனக்கும் என்பதை அவர் அறிவார். இருபத்தாறு ஆண்டுகள் நடந்த தெரு இன்னும் கனக்கும் என்று எண்ணினார். சாக்கைத் தூக்கினார். துவைத்து உலர்த்திய துண்டின் எடைதான் இருந்தது.

"இத்தனதானா சார்?" என்றார் செங்கோடன்.

"இவ்வளவுதாங்க."

சாக்கை நல்லக்காள் தன் கூடையில் வைத்துக்கொண்டாள். பொழுது மேற்கு முகட்டைத் தொடும்போது அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை கையாட்டுவதை நிறுத்தியிருந்தாள். உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது. வீடுகளின் மேல் வார்னிஷ் பூசியதுபோல் ஒரு பளபளப்பு ஏறியிருந்தது. மிகவும் அழகாக இருந்தது. பராங்குசம் அந்த அழகைப் பார்க்காமல் குனிந்து சாக்கை அவிழ்த்தார். நுனியைப் பற்றி ஒருமுறை உதறினார்.

தெரு விரிந்தது. விரிந்துகொண்டே போய் வாசற்படியில் முட்டி நின்றது. நல்லக்காள் ஓடவில்லை. விடுவிடென்று நடந்தாள். அவள் பாதி வழி போனபோது குழந்தையின் கை கீழே இறங்கியது. முழு வழி போனபோது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போலாமுங்க சார்," என்ற குரல் வந்தது.

பராங்குசம் தாம் விரித்த நீளத்தில் நடந்தார். அரை மணி நேரம் ஆனது. இருபுறமும் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, அவர் கடந்து போவதற்காக ஒதுங்கிக்கொடுத்து, பிறகு இடத்தில் நின்றன. யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் காப்பி டம்ளரோடு வீட்டுக் கதவைத் திறந்தார். கதவு அவருடைய மேசையில் இடித்தது. மேசைக்கு அப்பால் சுகந்தி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா சார்?"

"இல்லைங்க. வீட்லதான் இருக்கேன்."

"கை எட்டும் பாருங்க. அங்க இருந்தே கையெழுத்துப் போட்டுடுங்க."

வருகைப் பதிவேடு திறந்திருந்தது. பேனாவும் அருகிலேயே இருந்தது. பராங்குசம் கையை நீட்டிப் பார்த்தார். எட்டியது. கையை இழுத்துக்கொண்டார். காப்பியை முடித்துவிட்டு, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்கட்டுக் கதவின் பக்கம் திரும்பினார்.

"நான் மேல்சோலை வழியா நடந்து வந்துடறேங்க," என்றார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."