நெஞ்சுக்குள் ஒரு கோள்மூட்டி

தையற்காரிக்குப் பேஸ்மேக்கர் வைத்து ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கணவர் அவளை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை. பரிசோதனை அறையிலும் அவரே முந்திக்கொண்டார்.

“நான் ஆபீஸ் போனா இவ கட்டிலை விட்டு அசையறதே இல்லம்மா.”

டெக்னீஷியன் பெண் பேஸ்மேக்கரில் பதிவாகியிருந்ததைத் திரையில் உற்றுப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை தவிர தினமும் நாலு மணிக்குத் துடிப்பு ஏறியிருக்கே. என்ன பண்றீங்க?”

தையற்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சுக்குள்ளேயே இப்படி ஒரு கோள்மூட்டியா?

“மொட்டை மாடியில, பக்கத்து வீட்டு அக்காவோட பேட்மிண்டன்.”

“அடிப்பாவி,” என்றார் கணவர்.

“நல்லதுதான். விடாம ஆடுங்க,” என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், தையற்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வந்ததும் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். கணவர் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவள் இறங்கி வந்து, ஆறு மாதமாக அவர் தனக்குச் செய்ததைப்போலவே அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள்.

“இனிமே ஞாயித்துக்கிழமையும் ஆட்டம் உண்டு,” என்றாள். “பந்து பொறுக்கிப் போடத்தான் ஆள் இருக்கே.”