யாருக்கெல்லாம் திறக்கும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பூட்டு. கணினியில் எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று பிரித்து வைப்பதுதான் அவள் வேலை. கடவுச்சொல்லைத் திரையோரம் எழுதி ஒட்டியவர்களை நிற்கவைத்துக் கிழிப்பாள். பெரிய பதவிக்காரர்களும் அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள்.

அன்று காலை பணியாளர் பிரிவு அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"உண்மையச் சொல்லு. பேக்கிங் பொண்ணு குடுத்த புகாரை யாருக்காவது காட்டினியா?"

அப்படி ஒரு புகார் இருப்பது பூட்டுக்குத் தெரியும். யார்மேல் என்பது தெரியாது.

"நான் தொறந்துகூடப் பாக்கலக்கா."

"அப்ப அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? புதுசா பேக்கிங்குக்குத் துறைத் தலைவரானானே, அவன்மேலதான் புகார். சரக்கறைல கையப் புடிச்சு இழுத்திருக்கான். இப்ப படியில என்னை நிறுத்தி, 'ரெண்டாம் பக்கத்துல எவ்வளவு எழுத்துப்பிழை, பாத்தீங்களா?'ன்னு சிரிக்கிறான்டி."

"நீங்கதான் யாருக்காவது மெயில்ல அனுப்பித் தொலைச்சிருப்பீங்க!"

"எல்லாச் சாவியும் உன்கிட்ட இருக்கு, பழி எனக்கா?"

பூட்டு விசாரணை ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். அக்காவின் பெயருக்குக் கீழே ஒரே வரி: துறைத் தலைவர்கள் குழு.

ஃபோல்டரை உருவாக்கியபோது இருந்த தலைவர்களே மூன்று பேர்தான். விசாரணை செய்பவர்களும் அவர்களேதான். மூன்று பெயரைத் தனித்தனியே சேர்க்கச் சோம்பல்பட்டு, குழுவை மொத்தமாகச் சேர்த்துவிட்டாள். போன வாரம் அந்த ஆளுக்குப் பதவி உயர்வு. குழுவில் அவன் பெயரைப் போட்டதும் அவள்தான். குழுவுக்குத் திறப்பதெல்லாம் அந்த நொடியே அவனுக்கும் திறந்துவிட்டது. கேட்காமலே கிடைத்தது. அவன் மாதிரி ஆட்களுக்கு எப்போதும் அப்படித்தான் கிடைக்கிறது.

பதிவைப் பார்த்தாள். நேற்று பகலில் புகாரைத் திறந்திருக்கிறான்.

"என் தப்புதான்கா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அழாத. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிடலாம். நானும் அதையே சொல்றேன். உன் வீட்டுல சம்பாதிக்கிறது நீ ஒருத்திதானே?"

பூட்டு திரைப் பக்கம் திரும்பினாள். குழுவை நீக்கினாள். மூன்று பெயரை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்கு இறங்கினாள்.

அந்தப் பெண் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் புகாரை அவன் படிச்சிட்டான். என்னாலதான். நான் சரியாப் பூட்டல."

டேப் பாதியில் நின்றது. "பூட்டியிருக்கு, பயப்படாம எழுதுன்னு சொன்னாங்களே மேடம்?"

"சொன்னாங்க."

"அதான் காலையில என்னை சரக்கறை வேலைக்கு மாத்திட்டானா?" அவள் டேப்பைக் கீழே வைத்தாள். "எழுதினது தெரிஞ்சதும் பழிவாங்குறான்னு சொன்னா யாரு நம்புவாங்க? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கையை விரிப்பான்."

"விரிக்க முடியாது. நேத்தே படிச்சான்னு கணினியில பதிவாயிருக்கு."

அவள் பூட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை எழுதித் தருவீங்களா? எப்படித் தொறந்துச்சுங்கிறதையும் சேர்த்து?"

அதை எழுதினால் வேலை போகலாம். வீட்டில் படித்த முதல் ஆள் அவள். இந்த நாற்காலிக்கு வர எத்தனை பேர் காலில் விழுந்தார் அப்பா!

"கெட்ட வார்த்தை நாலு வருது மேடம், உங்களத் திட்ட," என்றாள் அந்தப் பெண். "அப்புறமா திட்டிக்கிறேன். மொதல்ல எழுதுங்க."

பூட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். பேனா கேட்டாள். தன் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கினாள்.