மஞ்சள் போட்டுக் கழுவிய பேக்கன்

"பேரு ராஜ்கமல். வயசு இருபத்திமூணு. இப்ப இருக்கறது பாண்டிச்சேரி, ஹேமலதா அக்கா வூட்டு சமையக்கட்டு."

அம்மாவுக்கு அனுப்பும் மெசேஜ். அவன் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டது. அவனுடையது புது நம்பர், யாரென்று அங்கே தெரிய வேண்டுமே. செஞ்சிப் பக்கத்து ஊரில் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவளுக்குப் படிக்க வராது, பக்கத்து வீட்டில் யாராவது படித்துக் காட்டுவார்கள். கூப்பிட்டுப் பேசினால் குரலே அவன் கலக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"வேல இன்னும்..." என்றவன் நிறுத்தினான். மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம். வெளிநாட்டு விருந்தாளி குளிக்கிறார். இதோ இறங்கிவிடுவார்.

சேதராப்பட்டு கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவன் வேலை போய் ஒன்றரை மாதமாகிறது. மாடியறையை வாடகைக்கு விடும் ஹேமலதா சமையலுக்கு ஆள் தேடினாள். இன்றைய சாண்ட்விச் சரியாக வந்தால் வேலை. இல்லையென்றால் ஊருக்கு பஸ்.

ஹேமலதா உள்ளே வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"டேய், இன்னாடா இது மஞ்சளா?"

"கறிக்கா. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூணு தண்ணி கழுவிட்டேன்."

"அய்யோ! பேக்கனப் போய் யாராச்சும் கழுவுவாங்களா? அது கருவாடு மாதிரி, உப்புல ஊறுன பன்னிக்கறிடா!"

"கருவாட்டயும் கழுவுவோமேக்கா."

"வாய் மட்டும் கொறையல. மிச்சம் எத்தினி இருக்கு?"

பாக்கெட்டில் நாலு துண்டு. கழுவாமல், எண்ணெய் ஊற்றாமல், ஆறிய கல்லில் பரப்பி அடுப்பைச் சிறிதாக வைத்தான். அதன் கொழுப்பிலேயே அது சுருண்டு சிவந்தது. ரொட்டியை வாட்டி மயோனைஸ் தடவினான். லெட்யூஸ் இலையை ஈரம் போகத் துடைத்தான். தக்காளியை வட்டமாக அரிந்து, கைப்பழக்கத்தில் உப்பைத் தூவிவிட்டான்.

தூவிய பிறகுதான் பேக்கனே உப்பில் ஊறியது என்று உறைத்தது.

"அக்கா, உப்பு பாருங்களேன்."

"பொரட்டாசி சனிக்கெழம. நான் வெரதம். நீயே பாரு."

அவனும் விரதம்தான். மகனுக்கு வேலை கிடைத்தால் போதும், புரட்டாசி முழுக்க வீட்டில் யாரும் கவுச்சி தொடமாட்டோம் என்று அம்மா பெருமாளிடம் வேண்டியிருந்தாள். கல்லைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். மாடியில் தண்ணீர் நின்றது. படியில் செருப்புச் சத்தம்.

பேக்கன் ஓரத்தில் நறுக்கென்று ஒரு துணுக்கை ஒடித்து நாக்கில் வைத்தான். கரித்தது. அந்தத் தக்காளியை ஒதுக்கிவிட்டு, வேறொன்றை உப்பில்லாமல் அரிந்து அடுக்கி, குறுக்கே வெட்டித் தட்டை ஹேமலதாவிடம் நீட்டினான்.

கால் மணி நேரம் கொல்லைக்கும் சமையற்கட்டுக்கும் நடந்தான். ஹேமலதா தட்டோடு வந்தாள். ரொட்டித் தூள்தான் மிச்சம்.

"நாளைக்கும் இதே வேணுமாம். ஆறு மணிக்கு வந்துடு. மஞ்சத்தூள் டப்பாவ நான் ஒளிச்சி வச்சிடறேன்."

நாக்கில் இன்னும் அந்த உப்பு. கொல்லைக் கதவை ஒட்டி நின்று, விட்ட இடத்திலிருந்து நடந்ததை எல்லாம் போனிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"இத யாரு படிக்கிறீங்களோ, வேல கெடச்சிடுச்சின்னு அம்மாவுக்கு சத்தமா படிச்சி காட்டுங்க. நான் கறிய வாயில வச்சி பாத்தத மட்டும் படிக்காதீங்க. பொரட்டாசி முடியட்டும், நானே வந்து சொல்லிக்கிறேன்."