கால் வலிக்காதா?

“இவுங்கல்லாம் இப்படியே ஆடிக்கிட்டிருந்தா கால் வலிக்காதா?”

சிதம்பரம் கோயில் கோபுர வாசலில், சுவர் நெடுக ஆடும் கல் பெண்களைக் காட்டி ஒரு சின்னப்பெண் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் தில்லைநாதன். வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலைக்கு அன்றுதான் அவருக்குப் பரீட்சை. கடலூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு அவர் விளக்கிச் சொல்ல வேண்டும். பின்னால் ஓர் அதிகாரி நின்று கவனிப்பார்.

வாசலுக்கு வந்ததும் இளைஞர் தில்லைநாதனுக்கு மனப்பாடம் செய்த அத்தனையும் மறந்துபோயிற்று. அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். அப்போது கூட்டத்தில் நின்ற மஞ்சள் சேலைக்காரப் பெண்மணி ஒருத்தி குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள். உடனே அந்தக் குழந்தை கேள்வியைக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்போடு பயமும் வெளியேறி, பின்னாலேயே பேச்சு வந்துவிட்டது. வேலையும் கிடைத்தது.

நன்றி சொல்ல ஓடினார். பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள் என்று மட்டும் வாசலில் பூ விற்றவள் சொன்னாள்.

நமக்குக் கிடைத்த உதவியை ஆண்டவன் மறப்பதில்லை. நாம்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். தில்லைநாதனும் மறந்தார். பேசிப் பேசிப் பழகியதில் பேச்சின்மேல் ஒரு பெருமை ஏறிக்கொண்டது. தலைமுடி நரைத்த காலத்தில், தன்னைப்போல் விளக்கிச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆளில்லை என்று நம்பினார். அவரிடம் கேட்டால் அவரே சொல்வார்.

அவருடைய தங்கை பொன்னியைக் கட்டியிருந்த ராஜாமணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் டைல்ஸ் கடை. 2010-ல் நன்றாக வியாபாரம் செய்த கடைக்காரர்களை டைல்ஸ் கம்பெனி இத்தாலிக்கு அழைத்துப் போனது. ஆளுக்கு இரண்டு டிக்கெட். பொன்னிக்கு ஊஞ்சலில் ஆடினாலே தலை சுற்றும்.

“எங்கண்ணன இட்டுகிட்டுப் போங்க. அதுக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு” என்றாள்.

அப்படித்தான் தில்லைநாதன், கடலூர் மாவட்டத்து டைல்ஸ் வியாபாரிகள் ஒரு பஸ் நிறைய சூழ, ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ரோமானியச் செல்வந்தரின் மாளிகை வாசலில் போய் இறங்கினார்.

சுவர்கள் இடுப்பளவுக்குத்தான் மிச்சம். ஆனால் தரை அப்படியே இருந்தது. சுண்டைக்காய் அளவுக் கல்துண்டுகளைப் பதித்து மீன், மயில், திராட்சைக்கொடி, வேட்டை நாய் என்று அறை அறையாகப் படங்கள். அதன்மேல் யாரும் மிதிக்காதபடி மரப்பாலம் போட்டிருந்தார்கள்.

“மச்சான், இத ஒட்டறதுக்கு லேபரே கட்டாது” என்றார் ராஜாமணி, பாலத்துக் கம்பியில் சாய்ந்து. “சதுர அடி என்ன ரேட்டு வரும்னு கேளு.”

“ஓரத்துல செவுத்தடியில ஸ்கர்ட்டிங் பட்டை இல்ல பாருங்க” என்றார் அண்ணாகிராமத்துக் கடைக்காரர் ஞானசேகரன். “கழுவுனா தண்ணி செவுத்துல ஏறும். நம்மூர்ல இத வித்தா பில்டிங் ஓனர் நம்மள ஒதைப்பான்.”

“சும்மா இரு மாப்ள. அந்தப் பொண்ணு என்னா சொல்லுதுன்னு கேப்போம்” என்றார் தில்லைநாதன்.

வழிகாட்டி ஒரு மெலிந்த இளம்பெண். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தில்லைநாதன் தமிழில் சொன்னார். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் நான்கு சொன்னார். “இங்க விருந்து நடந்தது” என்று அவள் முடித்த இடத்தில், தில்லைநாதனின் விருந்தில் பாட்டு நடந்தது, சண்டை நடந்தது, ஒரு கல்யாணம்கூட நிச்சயமானது.

“இத்தன விஷயம் அதுவா சொல்லுச்சு?” என்று ஞானசேகரன் சந்தேகப்பட்டார்.

“அது சொல்லத் தெரியாம சொல்லுது. எங்க நிறுத்தணும், எங்க இழுக்கணும், ஒண்ணும் தெரியல. நம்ம கோயில்ல வந்து ஒரு வாரம் என் பின்னால நடந்தா கத்துக்கும்.”

அடுத்த அறைதான் பெரியது. நடுவில் திராட்சைக் கிரீடம் வைத்த ஒரு தெய்வம். சுற்றிலும் கைகோத்து ஆடும் பெண்கள். அந்தப் பெண் அங்கே நின்று வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பேச்சு வரவில்லை. கைகள் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருகின.

“என்ன மச்சான் சொல்லுது?” என்றார் ராஜாமணி.

“ஒண்ணும் சொல்லல. மறந்துட்டுது.” இதைச் சொன்னபோது அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. மனிதர்தானே.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால் நின்ற கோட்டுக்காரரைச் சரியாகக் கவனித்தார். வந்ததிலிருந்தே அந்த ஆள் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. பெண்ணின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஃபைல். இப்போது பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

தில்லைநாதனின் வாயிலிருந்த இனிப்பு அப்படியே கசந்தது. பெண்ணுக்கு இன்று பரீட்சை. இன்னும் கொஞ்சநேரம் அவள் இப்படியே நின்றால், நாளைக்கு இந்த வாசலில் அவள் நிற்க முடியாது.

அவருக்கு மஞ்சள் சேலை நினைவு வந்தது.

சுற்றிப் பார்த்தார். காதில் சொல்ல ஒரு குழந்தை வேண்டும். குழந்தை கேட்டால் அழகு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தொந்தி வைத்த டைல்ஸ் வியாபாரிகள். சரியான கேள்வியாகக் கேட்டால் அவள் இன்னும் பயப்படுவாள். கேள்வி அசட்டுத்தனமாக இருக்க வேண்டும். அதைக் கேட்பவன் அசடாக இருக்க வேண்டும்.

‘நடராசா, இத்தனை பேருக்கு முன்னாலயா?’ என்று மனசுக்குள் முனகினார். பிறகு கையைத் தூக்கினார். தண்ணீர் பட்ட பாடாக இருந்த தன் ஆங்கிலத்தை அவரே உடைத்துப் போட்டார்.

“மேடம்! திஸ் லேடீஸ்... டான்சிங், டான்சிங், டான்சிங்... நோ லெக் பெயின்?”

காலைத் தூக்கி, முட்டியைத் தடவியும் காட்டினார்.

மரப்பாலமே அதிரும்படி சிரிப்பு. ராஜாமணிக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையை எடுத்தபோது வெளிறிய முகத்தில் களை திரும்பியிருந்தது.

“வலிக்கத்தான் செய்யும், ஐயா” என்று தொடங்கினாள். “அந்த மூன்றாவது பெண்ணைப் பாருங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிவிட்டாள். களைத்துப்போன ஒருத்தியைக் கல் பதித்தவன் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறான்...” அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எங்கே நிறுத்தணுமோ அங்கே நிறுத்தினாள். எங்கே இழுக்கணுமோ அங்கே இழுத்தாள். தில்லைநாதன் ஒரு வார்த்தையும் கூட்டாமல் தமிழில் சொன்னார். கோட்டுக்காரர் ஏதோ எழுதி, பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே வரும்போது அவள் கோட்டுக்காரரிடம் தில்லைநாதனைக் கண்ணால் காட்டி ஏதோ சொன்னாள். முட்டியைத் தடவியும் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். தில்லைநாதன் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

“மச்சான், மானத்த வாங்கிட்டியே!” என்றார் ராஜாமணி. “இங்கிலீசு தெரியும்னு நம்பி இட்டாந்தேன். லெக் பெயினாம்!”

“வாயில வந்துடுச்சு மாப்ள.”

“கல்லுக்குக் கால் வலிக்குமான்னு கேக்கவா இம்மாந் தூரம் பிளேன்ல வந்த?”

அந்தக் கதை அவர்களுக்கு முன்னால் கடலூர் வந்து சேர்ந்திருந்தது. ராஜாமணி ஃபோனிலேயே சொல்லிவிட்டார். கடைக்கு டைல்ஸ் வாங்க வந்தவர்களெல்லாம் தில்லைநாதனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க மாமா, கால் வலிக்கும்” என்றார்கள்.

பொன்னி மட்டும் காப்பி கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள். “ஏண்ணே, நெசமாவா அப்பிடிக் கேட்ட? ஒனக்குத் தெரியாததா?”

“கேட்டேன் பொன்னி. நல்ல கேள்விதானே?” என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றினார்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் பிடிக்கக் கிளம்பினார். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கூட்டம். காய்கறிப் பையோடு, பூவோடு, பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வயதான பெண்கள் எத்தனையோ பேர் எதிரே வந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக அந்த மஞ்சள் சேலை அம்மாள் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். எல்லாரும் கடந்துபோனபின், யார் என்று பாராமல், அந்தத் தெருவைப் பார்த்தே ஒருமுறை கைகூப்பினார்.